பதிவு போதாது, படிப்பு வேண்டும்!

(இணையவழி உயர்கல்வியின் தரம் பற்றிக் காத்தான்குடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்கே வாவியும் கிழக்கே கடலும் எல்லையாக அமைந்த இந்நகரில், அரசியல் மேடைகளில் நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். நிலத்தைப் பற்றிப் பேசினோம். மொழியைப் பற்றிப் பேசினோம். உத்தியோகத்தைப் பற்றிப் பேசினோம். இன்று பேச வந்திருக்கும் பொருள் அவை மூன்றையும் தாங்கி நிற்பது. வீட்டிலிருந்தவாறே, கைத்தொலைபேசியிலோ கணினியிலோ, நம் பிள்ளைகள் இணையத்தின் வழியாகப் பயிலும் உயர்கல்வி தரமுள்ளதா என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்வி எம்மிடம் வந்த வரலாற்றை முதலிற் கூறிவிடுகின்றோம். இவ்வூர்க் கடைத்தெருவில் துணி வியாபாரஞ் செய்யும் ஒரு தந்தை, கையில் ஒரு கோப்புடன் எமது அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தவள். பல்கலைக்கழக அனுமதி மயிரிழையில் தவறியவள். கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிக்க வசதியில்லை. ஆகையினால் ஒரு தனியார் நிறுவனத்தின் இணையவழிக் கற்கைநெறியிற் சேர்த்தார். கட்டணம் நான்கு தவணைகளிற் கட்டப்பட்டது. கிடைத்தவை யாவை? எவரோ எப்போதோ பதிவு செய்து வைத்த விரிவுரைகள். எழுதி அனுப்பிய ஒப்படைகளுக்கு ‘நன்று’ என்ற ஒரேயொரு சொல். ஈற்றில் ஒரு சான்றிதழ். அச்சான்றிதழுடன் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தபோது, அதற்கு அங்கீகாரம் இல்லையென்ற பதில் வந்தது.

ஒப்பந்தப் பத்திரத்தை நாம் வாசித்தோம். கற்கைநெறியின் உள்ளடக்கத்தை எந்நேரமும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கே உரியதென்று சிறிய எழுத்திற் போட்டிருந்தது. கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அச்செய்தியைச் சொன்னபோது அத்தந்தை எம்மைப் பார்த்துக் கேட்டார்: “சேர், காசு போனாப் போகட்டும். மகளுக்குப் போன ரெண்டு வருசத்த எந்தக் கோட்டில கேக்கிற?”

அன்பர்களே, அக்கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. இன்னுமொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 2020 ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவி, மார்ச் மாதத்தில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, ‘இனிக் கல்வி எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும்’ என்று மேடையேறி முழங்கியவர்களுள் நாமும் ஒருவர். வாசலுக்கு வருவது என்னவென்று அன்று நாம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதன் கடனை இன்று இங்கே தீர்க்க வந்திருக்கின்றோம்.

இணையவழிக் கல்வியே வேண்டாம், அது இரண்டாந்தரப் படிப்பு என்று கூறுவோர் உளர். அவர்களுடன் நாம் உடன்படவில்லை. தொலைவிலிருந்து படித்தல் நம் கிழக்கு மண்ணுக்குப் புதியதன்று. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பிற்காலத்திற் சுவாமி விபுலாநந்தர் என உலகறிந்த பெரியார், ஆசிரியத் தொழில் புரிந்தவாறே படித்து, 1920 இல் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1931 இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும், 1943 இல் இலங்கைச் சர்வகலாசாலையிலும் தமிழ்ப் பேராசிரியர் ஆசனத்தை முதன்முதல் அலங்கரித்தவரும் அவரே. 1921 இற் கொழும்பில் ஆரம்பமான பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள்கூட, 1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றும் வரை லண்டன் பட்டத்துக்கே பரீட்சை எழுதினார்கள். அப்பட்டங்களை எவரும் இரண்டாந்தரம் என்று சொல்லவில்லை. ஏன்? பரீட்சை கடுமையானது, விடைத்தாளைத் திருத்தியவர் கைதேர்ந்தவர், சித்தியடைந்தவன் கற்றவன் என்பதில் ஐயமிருக்கவில்லை. ஆகவே தூரம் குற்றமன்று. தரமின்மையே குற்றம்.

வேண்டாம் என்று சொல்வோர் இந்த நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடங்கிடைப்பது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே. மற்ற மூவரும் எங்கே போவது? வசதியுள்ளவன் கடல் கடந்து போகின்றான். வசதியற்றவன் வெளிவாரிப் பட்டத்துக்குப் பெயர் பதிகின்றான். அல்லது இணையவழிக் கற்கையை நாடுகின்றான். நம் பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. வீட்டை விட்டுத் தூரதேசம் போய் அறையெடுத்துத் தங்கிப் படிக்க இயலாத நூற்றுக்கணக்கான மாணவிகள் இந்நகரிலும், ஏறாவூரிலும், ஓட்டமாவடியிலும், ஆரையம்பதியிலும் இருக்கின்றார்கள். மற்றவர்களுக்கு இது பல வழிகளில் ஒன்று; இவர்களுக்கோ இருப்பது இந்த ஒரு வழிதான். ஒரே வழியாக இருப்பதனாலேயே அது பள்ளமும் படுகுழியும் இல்லாத வழியாக இருத்தல் வேண்டும்.

தரம் என்றால் என்ன? கவர்ச்சியான விளம்பரமா? வெளிநாட்டுப் பெயரா? விரிவுரையை வண்ணப்படமாகக் காட்டுவதா? இவை எவையும் அல்ல. உலக அனுபவத்தைச் சற்று நோக்குவோம்.

அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டு, புகழ்பெற்ற மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகள் பற்றிய ஒரு கற்கைநெறியை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பெயர் பதிந்தோர் ஏறத்தாழ 155,000 பேர். சித்தியெய்திச் சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை! வேடிக்கை பார்க்கப் பெயர் பதிந்தவர்கள் அவர்களிற் பலர் என்பது உண்மையே. எனினும், பேராசிரியர்கள் மேதைகளாக இருந்தும், பாடம் இலவசமாக இருந்தும், பெரும்பாலோரை அது ஈற்றுவரை கொண்டு செல்லவில்லை. சிறந்த விரிவுரை மட்டும் சிறந்த கல்வியாகிவிடாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

மறுபுறம் இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1969 இல் அரச பட்டயம் பெற்று, 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. ஒரு பாடத்தை ஒருவர் தனியே எழுதாமல், பாட அறிஞரும் கற்பித்தல் முறை வல்லோரும் ஒலிபரப்பாளரும் ஒரு குழுவாகக் கூடியிருந்து ஆக்கினார்கள். மாணவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. மாணவன் ஒப்படையை எழுதி அனுப்புவான். எங்கே பிழைத்தான், எவ்வாறு திருத்துவது என்று அவ்வாசிரியர் எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தப் பல்கலைக்கழகத்தின் நற்பெயர் தொலைக்காட்சியால் மாத்திரம் வந்ததன்று. சிவப்பு மையால் வந்தது!

அமெரிக்கக் கல்வித் திணைக்களம் பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்து 2009 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இணையத்தையும் நேர்முக வகுப்பையும் கலந்து கற்றோர், நேர்முக வகுப்பில் மட்டும் கற்றோரைவிடச் சற்று மேலான பயனை அடைந்தனர் என்பது அதன் முடிவு. ஆனால் அதே அறிக்கை ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. அவர்கள் செலவிட்ட நேரமும், பெற்ற துணைப் பாடங்களும் கூடுதலாக இருந்தன. நன்மைக்குக் காரணம் இணையம் என்ற சாதனம் மட்டும் என்று கொள்ளற்க என்பதே அவ்வெச்சரிக்கை. மாணவன் செலவிடும் உழைப்பும், ஆசிரியர் அவனுக்கு அளிக்கும் கவனமுமே கல்வியை ஆக்குகின்றன.

நம் அயல்நாடாகிய இந்தியாவுக்கு வருவோம். அங்கே தொழில்நுட்பக் கழகங்கள் கூடி 2003 முதல் விரிவுரைகளைப் பொதுவிற் பரப்பி வருகின்றன. இன்று அக்கற்கைநெறிகளை இலவசமாகப் பயிலலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணஞ் செலுத்தி, குறித்த நிலையத்துக்கு நேரிற் சென்று, கண்காணிப்பின் கீழ்ப் பரீட்சை எழுதுகின்றனர். 2020 ஜூன் மாதத்திற் சென்னைத் தொழில்நுட்பக் கழகம் தரவு விஞ்ஞானத்தில் இணையவழிப் பட்டநெறியைத் தொடங்கியது. சேர விரும்புவோர் முதலிற் சில வாரங்கள் பாடங்களைப் படித்து, தகுதிப் பரீட்சையிலே தேற வேண்டும். வாரந்தோறும் ஒப்படை, நேரில் எழுதும் பரீட்சை, இடையில் விலக நேர்ந்தால் அதுவரை முடித்த கட்டத்துக்குரிய சான்றிதழ். வீட்டிலிருந்து படிக்கலாம், ஆனால் படிக்காமற் பட்டம் பெற இயலாது! இதுவன்றோ முறை?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. அச்சிட்ட பாடநூல், ஒப்படை, நேர்முக வகுப்பு என்ற மூன்றையும் இணைக்கும் மரபு அதற்குரியது. அம்மரபை நாம் மதிக்கின்றோம். ஆனால் வெளிவாரிப் பட்டங்களின் கதை பெரும்பாலும் வேறு. பதிவும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு; படிப்பு மாணவனின் தலையெழுத்து! இடையிற் கற்பிப்பவர் தனியார் வகுப்பு நடத்துவோர். இன்று இணையம் வந்தபின் அதே பழைய வழக்கம் புதுச் சட்டை அணிந்து வருகின்றது.

தரத்துக்கு விதி இல்லையா என்று கேட்பீர்கள். விதிக்குப் பஞ்சமில்லை. 2009 ஆம் ஆண்டிலேயே பொதுநலவாயக் கற்றல் அமைப்பு தொலைவழி உயர்கல்விக்கான தரக் கைநூலொன்றை வெளியிட்டது. அதன் ஆக்கத்தில் இலங்கைக்கும் பங்குண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் தர உறுதிச் சபையும் உண்டு. கைநூல் அலுமாரியில் இருந்தால் மாணவனுக்கு என்ன பயன்? சட்டம் படித்த நாம் அறிந்த உண்மை ஒன்று: கேட்பாரற்ற விதி, எழுதப்படாத விதிக்குச் சமம். ஆகவே கேட்பவர்களாக நாம் மாறவேண்டும். கேட்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, ஆசிரியர். ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுதல் வேண்டும். ஒப்படை எத்தனை நாளில் திருத்தித் திரும்பும் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். ‘நன்று’ என்ற ஒரு சொல் திருத்தமாகாது.

இரண்டாவது, பாடத்தின் அமைப்பு. இரண்டு மணித்தியால விரிவுரையை அப்படியே படம்பிடித்து ஏற்றுவது கற்பித்தலன்று. மாணவர் காட்சிப் பதிவுகளைப் பார்த்த பல இலட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட பதிவுகளையே மாணவர் ஊன்றிப் பார்க்கின்றனர் எனக் கண்டது. சிறு பகுதி, அதன்பின் ஒரு கேள்வி, அதன்பின் ஒரு பயிற்சி என்று பாடம் ஆக்கப்படல் வேண்டும். அத்துடன் காட்சிப் பதிவு அனைத்துக்கும் அச்செடுத்துப் படிக்கத்தக்க எழுத்துவடிவமும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாடு இது. மின்சாரம் போனாலும் தாள் இருக்கும்.

மூன்றாவது, பரீட்சை. அது நேரில் எழுதப்படுதல் வேண்டும். மட்டக்களப்பிலேயே எழுதப்படுதல் வேண்டும். எவர் எழுதினார் என்று அறிய முடியாத பரீட்சை, நேர்மையாக எழுதிய பிள்ளையின் சான்றிதழையும் சேர்த்தே மதிப்பிழக்கச் செய்கின்றது.

நான்காவது, மொழி. இதிலே சட்டத்தின் துணையும் நமக்குண்டு. அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை கூறுவது யாது? அரசின் நிதியுதவி பெறும் பல்கலைக்கழகத்தில் ஒரு கற்கைநெறி ஒரு தேசிய மொழியிற் போதிக்கப்படுமாயின், மற்றத் தேசிய மொழியிற் படித்து வந்த மாணவருக்கு அம்மொழியிலும் அது போதிக்கப்படல் வேண்டும். அதற்கு ஒரு விலக்கும் உண்டு: வேறொரு வளாகத்திலோ, ஒத்த வேறொரு பல்கலைக்கழகத்திலோ அது அம்மொழியிற் போதிக்கப்படுமாயின், இங்கே போதிப்பது கட்டாயமன்று. நேர்முக வகுப்புக் காலத்தில் அவ்விலக்கு எம் பிள்ளைகளை ஊர் ஊராக அலையவைத்தது. இணையக் காலத்திலோ, தமிழில் ஆக்கப்பட்ட ஒரு நல்ல கற்கைநெறி எந்த ஊரில் இருந்தாலும் எல்லா ஊருக்கும் உரியதாகலாம். 1979 முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் யாழ்ப்பாணம், 1986 இல் வந்தாறுமூலையில் உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம், 1995 இல் நிறுவப்பட்டு ஒலுவிலில் விளங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 2021 இற் தனித்தியங்கத் தொடங்கிய வவுனியா ஆகிய நான்கும் கூடி, பாடத்துக்கு ஒன்றாகத் தமிழில் ஆக்கினால் என்ன? ‘ஏழை நாடு, பணமில்லை’ என்று சொல்லும் அமைச்சர்களுக்கு இதுவே எமது மறுமொழி. நான்கு இடங்களில் நான்கு முறை அரைகுறையாகச் செய்யும் செலவை, ஓரிடத்தில் ஒருமுறை முறையாகச் செய்யுங்கள். ஆங்கிலம் வேண்டாமென்பதன்று எமது வாதம். ஆங்கிலம் பாடமாகக் கற்பிக்கப்படட்டும். அதைப் பிள்ளைகளை வடிகட்டும் சல்லடையாக ஆக்க வேண்டாம்.

ஐந்தாவது, கணக்கு. ஒவ்வொரு கற்கைநெறியிலும் பெயர் பதிந்தோர் எத்தனை, பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை, சித்தியெய்தியோர் எத்தனை என்ற மூன்று எண்களும் ஆண்டுதோறும் வெளியிடப்படல் வேண்டும். சந்தையிற் சீலை வாங்குபவன்கூட நூலைத் தொட்டுப் பார்த்து வாங்குகின்றான். மகளின் மூன்று வருடங்களைக் கொடுத்து வாங்குவதை மட்டும் தொட்டுப் பார்க்காமல் வாங்கலாமோ?

இக்கணக்கைத் தருவார்களா என்று ஐயுறுகின்றீர்களா? தராமலிருக்க முடியாது. தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் பிரசை ஒவ்வொருவருக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கின்றது. எழுத்தில் விண்ணப்பித்தால், தகவல் தரப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன்மேல் ஆணைக்குழு உண்டு. சட்டத்தின் கீழ் அங்கீகாரமோ அனுமதியோ பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. எல்லார்க்கும் சமமான கல்வி வாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை அரசுக்கு நெறி வகுத்திருக்கின்றது. ஆனால் 29 ஆம் உறுப்புரை, அந்நெறியை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாதென்று கதவடைக்கின்றது. ஒரு கதவு மூடியிருந்தால் திறந்திருக்கும் மற்றக் கதவால் நுழைவோம்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? முடியாது. பெற்றோர்களே, பணங் கட்டுமுன் இரண்டு கடிதம் எழுதுங்கள். அப்பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்திற் கேளுங்கள். பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ்ப் பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனமென்று சொல்லப்பட்டால், நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கே அனுமதி உண்டா என்று உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சிடம் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பவேண்டாம். பதில் வரும்வரை ஒரு சதமும் கட்டவேண்டாம்.

இந்நகரின் தனவந்தர்களிடமும் ஒரு விண்ணப்பம். 1945 இல் இலவசக் கல்வி வந்த அதே ஆண்டில், அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் ஏழை மாணவர் உயர்கல்வி பெறும்பொருட்டு முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே நுழையக் கைகொடுப்பார் வேண்டுமென்பதை அப்பெரியார் உணர்ந்திருந்தார். இன்று வேண்டிய கைகொடுத்தல் ஓர் அறை. பத்துக் கணினி, தடையற்ற இணையம், மின்சாரம் நின்றால் இயங்க ஒரு மின்பிறப்பாக்கி, மாணவிகளுக்கென ஒதுக்கிய நேரம், வாரம் ஒருமுறை வந்து ஐயந்தீர்க்கும் ஓர் ஆசிரியர். தனியே படிப்பவன் பாதிவழியிற் சோர்வான். கூடியிருந்து படிப்பவனைப் பக்கத்திலிருப்பவன் எழுப்புவான்.

ஆசிரியர்களாகவும் பட்டதாரிகளாகவும் இருக்கும் வாலிபர்களே, வாரத்தில் இரண்டு மணித்தியாலம் உங்களிடம் கேட்கின்றோம். நாமும் தருகின்றோம். சட்டம் பயில்வோர் எவராயினும் சனிக்கிழமை மாலைகளில் எமது அலுவலகத்துக்கு வரலாம், கட்டணம் இல்லை.

இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றோம். நாம் குறிப்பிட்ட மூன்று எண்களையும் கேட்டு, இப்பிரதேசத்து மாணவர் பயிலும் வெளிவாரி, இணையவழிக் கற்கைநெறி ஒவ்வொன்றுக்கும் தகவல் விண்ணப்பம் அனுப்பப்படும். விண்ணப்பங்களை எமது அலுவலகம் தயாரிக்கும், கையொப்பம் உங்களுடையது. வரும் பதில்கள் அனைத்தும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். நல்லதை நல்லதென்று பாராட்டுவோம். பொல்லாததை ஊரறியச் செய்வோம்.

அத்தந்தையின் மகள் இன்று இச்சபையில் இருக்கின்றாள். பெயர் சொல்லமாட்டோம். அவள் மீண்டும் ஒரு கற்கைநெறிக்கு விண்ணப்பிக்க இருக்கின்றாள். இம்முறை இரண்டு கடிதங்களையும் தானே எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கின்றாள். போன இரண்டு வருடத்தை எந்த நீதிமன்றமும் அவளுக்குத் திருப்பித் தராது. இன்னொரு பிள்ளையின் இரண்டு வருடம் போகாமற் காப்பது மட்டுமே நம்மால் ஆவது. அதைச் செய்வோம். தீர்மானத்தை ஆதரிப்போர் கைகளை உயர்த்துங்கள்.